பல்ப் நாயகர்கள் ஏன் திரும்பத் திரும்ப வந்து பாதியில் போகிறார்கள்?

கேள்வி இதுதான்: "ஷாடோ, டாக் சாவேஜ், ஸ்பைடர் என்று அந்தக் கால அமெரிக்க பல்ப் (மலிவுக் கதைப் பத்திரிகை) நாயகர்களை வைத்து புதிது புதிதாக காமிக்ஸ் வருகிறது, ஆனால் எதுவுமே நிலைத்து நிற்பதில்லை, ஏன்? மாஸ்க்ஸ் தொகுப்பு வாங்கலாமா? அதில் நம்ம ஸ்பைடரும் வருகிறாராமே?" மூன்று கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். காசு போட்டால் கதை கிடைக்குமா, இல்லை பழைய பெயர் போட்ட பளபள அட்டை மட்டும்தானா?

நான் 20 வருடத்துக்கும் மேலாக வெளிநாட்டு காமிக்ஸைத் தமிழில் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். வசனத்தை பலூனுக்குள் அடக்குவதுதான் பிழைப்பு. அதனால் ஒரு பக்கத்தில் கதை எப்படி ஓடுகிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்பதை ஓரளவு சொல்ல முடியும். விற்பனைக் கணக்கு, வியாபாரப் பேரம் எல்லாம் என் பேட்டை இல்லை. எனவே நான் "ஏன் நின்றது" என்று சொல்லும் இடங்களில் எல்லாம் அது வாசகனாகவும் தொழிலாளியாகவும் என் அபிப்பிராயம், வருடமும் இதழ் எண்ணிக்கையும் சொல்லும் இடங்களில் அது பதிவில் உள்ள விஷயம். இப்படிப் பிரித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்பைடர் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நாம் லயன் காமிக்ஸில் படித்த ஸ்பைடர், கூரான காதும் வலைத் துப்பாக்கியுமாக வருகிற குற்றச் சக்கரவர்த்தி, இங்கிலாந்துப் படைப்பு. 1965இல் லயன் என்ற பிரிட்டிஷ் வார இதழில் தொடங்கியவர். பல்ப் நாயகர்கள் பலரை ஒன்றுசேர்த்த காமிக்ஸ் தொடரான மாஸ்க்ஸில் வருகிற ஸ்பைடர் வேறு ஆள். ரிச்சர்ட் வென்ட்வர்த் என்ற நியூயார்க் பணக்காரர், 1933 முதல் 1943 வரை 118 இதழ்கள் ஓடிய அமெரிக்க பல்ப் பத்திரிகையின் நாயகன். நம்ம ஸ்பைடரை மறுபடி பார்க்க வேண்டுமென்றால் 2005இல் வந்த ஆல்பியன் என்ற ஆறு இதழ்த் தொடரைத் தேடுங்கள், அதில் இரும்புக்கை மாயாவியும் உண்டு. கூடவே ஒரு வேடிக்கை: சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் 1960களில் நம்ம ஸ்பைடருக்கும் கதை எழுதினார், அதே காலத்தில் அமெரிக்காவில் ஷாடோ காமிக்ஸுக்கும் எழுதினார். அந்த ஷாடோ என்ன கதிக்கு ஆளானார் என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

பல்ப் என்றால் மரக்கூழ். நம் ஊரில் சாணித்தாள் என்போமே, அந்த ஜாதிக் காகிதத்தில், ஓரம்கூட ஒழுங்காக வெட்டாமல், பெரும்பாலும் 10 சென்ட்டுக்கு விற்ற கதைப் பத்திரிகைகள். நாயகனின் பெயரையே தாங்கி வந்த பத்திரிகை என்றால், ஒவ்வோர் இதழிலும் அவனுடைய முழு நாவல் ஒன்று இருக்கும். தொடரும் போடுகிற வழக்கம் கிட்டத்தட்ட கிடையாது. ஷாடோ பத்திரிகை 1931 ஏப்ரலில் தொடங்கி 1949இல் நிற்பதற்குள் 325 நாவல்கள் வந்தன, அதில் 282 நாவல்களை வால்டர் கிப்ஸன் என்ற ஒரே ஆள் மேக்ஸ்வெல் கிராண்ட் என்ற புனைபெயரில் எழுதித் தள்ளினார். பத்திரிகை மாதம் இரு முறை வந்த காலத்தில் அந்த மனிதர் டைப்ரைட்டரை விட்டு எழுந்திருப்பாரா என்பதே சந்தேகம். இந்த வேகமும், ஒரே மூச்சில் முடிகிற கதையும், சொல்லும் முறையும்தான் அந்த நாயகர்களை நாயகர்கள் ஆக்கியது என்பது என் கட்சி. மறுவருகைக்காரர்கள் தொப்பியையும் துப்பாக்கியையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். மற்றதைக் கொண்டுவரவில்லை.

ஷாடோவின் முதல் நாவல் எப்படித் தொடங்குகிறது பாருங்கள். மூடுபனி. ஒரு பாலம். ஹாரி வின்சென்ட் என்ற இளைஞன் வாழ்க்கை வெறுத்து குதிக்கப் போகிறான். பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்து தோளைப் பிடிக்கிறது. உன் உயிரை நான் காப்பாற்றிவிட்டேன், இனி அது எனக்குச் சொந்தம் என்கிறது ஒரு குரல். அந்தக் குரலுக்கு முகம் இல்லை. அதன் பிறகு கதையின் பெரும்பகுதி ஹாரியின் பின்னாலேயே போகிறது. அவன் உளவு பார்க்கிறான், மாட்டிக்கொள்கிறான், சுவரோரம் இருந்த இருட்டு திடீரென்று அசைகிறது. அவ்வளவுதான் ஷாடோ. அவர் கதையின் நாயகன் என்பதைவிட கதைக்குள் உலவும் வதந்தி என்றால் பொருந்தும். நாம் எப்போதும் ஷாடோவுக்காக வேலை செய்கிறவனின் கண்ணால்தான் அவரைப் பார்க்கிறோம், அதாவது பார்ப்பதே இல்லை.

இதை காமிக்ஸ் ஆக்குங்கள். 22 பக்கம், பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம். அட்டையில் அவர் இருக்க வேண்டும், மூன்றாம் பக்கத்திலேயே சண்டை போட வேண்டும். வரைந்தாக வேண்டும் என்றாலே வெளிச்சத்தில் நிறுத்தியாக வேண்டும், நிறுத்திய உடனே அவர் மூக்கு நீளமான, கழுத்தில் சிவப்புத் துணி சுற்றிய, இரண்டு பிஸ்டல் வைத்த ஒரு ஆசாமி ஆகிவிடுகிறார். ரேடியோ நாடகத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. 1937இல் ஆர்சன் வெல்ஸ் குரல் கொடுத்தபோது, மனிதர்களின் மனதை மயக்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போகிற சக்தியை ஷாடோவுக்குக் கொடுத்தார்கள். பல்ப் நாவலில் அந்த சக்தி கிடையாது, வெறும் இருட்டும் கருப்பு அங்கியும்தான். பின்னால் வந்த காமிக்ஸ்காரர்கள் இரண்டையும் கலந்து அடித்தார்கள்.

சிரிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் ஷாடோவின் சிரிப்புக்கு ஒரு பத்தி முழுக்க வர்ணனை இருக்கும், அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கொலைகாரன் வியர்த்துப்போவான். ரேடியோவில் அந்தச் சிரிப்பே பிரபலம். காமிக்ஸில் அது பெரிய எழுத்தில் "ஹா ஹா ஹா". பழக்க தோஷத்தில் நான் மனசுக்குள் அதைத் தமிழாக்கிப் பார்ப்பேன், ஒவ்வொரு முறையும் பி.எஸ்.வீரப்பா வந்து நிற்பார். வீரப்பா சிரிப்பு வேறு ரகத்தில் மகத்தானது, ஆனால் இருட்டுக்குள்ளிருந்து வருகிற சிரிப்பு இல்லையே அது.

இந்தச் சிக்கலை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சமாளித்தார்கள். 1964இல் ஆர்ச்சி நிறுவனம் எட்டு இதழ்கள் போட்டது. பேட்மேன், சூப்பர்மேன் காலம் என்பதால் ஷாடோவுக்குப் பச்சையும் நீலமுமாக உடம்பை ஒட்டிய உடை மாட்டிவிட்டார்கள், சீகல் எழுதினார் என்றேனே, அது இந்தக் கூத்துதான். 1973இல் பேட்மேன், சூப்பர்மேன் காமிக்ஸ் போடுகிற டிசி நிறுவனம் கொஞ்சம் புத்தியாகச் செய்தது. டென்னி ஓ'நீல் எழுத்து, மைக் கலூட்டா ஓவியம், காலம் 1930கள், ஒரே இதழில் முடிகிற கதைகள். கலூட்டா ஷாடோவைக் குறைவாகவும், நியூயார்க்கின் புகை, தெருவிளக்கு, கட்டடச் சந்துகளை நிறையவும் வரைந்தார். ஆனால் மொத்தம் வந்த 12 இதழ்களில் அவர் வரைந்தது ஐந்துதான். என்னைக் கேட்டால் ஷாடோ காமிக்ஸில் இன்றுவரை அந்த ஐந்தை யாரும் தாண்டவில்லை.

1986இல் ஹோவர்ட் சேய்கின் என்ற எழுத்தாளர்-ஓவியர் ஆளையே தற்காலத்துக்கு இழுத்துவந்தார். ஷாடோவுக்கு மட்டும் வயதாகவில்லை, அவருடைய பழைய ஏஜெண்டுகள் எல்லாம் கிழவர்களாகி ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். பழைய ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். எனக்கு அதில் உள்ள குரூரம் பிடிக்காது, ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உனக்காக வாழ்க்கையைக் கொடுத்தவர்களுக்கு நீ என்ன செய்தாய் என்ற கேள்வி அது, பாலத்தில் ஹாரியின் தோளைப் பிடித்த கைக்கு நேரான கேள்வி. அதைத் தொடர்ந்து ஆண்டி ஹெல்ஃபர் எழுதி, முதலில் பில் சியன்கேவிச்சும் பிறகு கைல் பேக்கரும் வரைந்த மாதத் தொடர் ஒரே கிறுக்குத்தனம், நான் ரசித்துப் படித்த கிறுக்குத்தனம். ஷாடோவைக் கொன்றுவிட்டு, தலையை மட்டும் எடுத்து ஒரு இயந்திர உடம்பில் பொருத்தினார்கள். 19ஆவது இதழோடு தொடர் நின்றது. உரிமையாளர்கள் கோபப்பட்டு நிறுத்திவிட்டார்கள் என்று பரவலாகச் சொல்வார்கள். அதை நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் அடுத்து வந்த தொடர் நல்ல பிள்ளையாக 1930களுக்குத் திரும்பியதும் உண்மை.

இப்போது நீங்கள் கடையில் பார்க்கிறவை பெரும்பாலும் டைனமைட் நிறுவனத்தின் அலை. 2012இல் கார்த் என்னிஸ் எழுத, ஆரோன் கேம்ப்பெல் வரைய ஷாடோ மறுபடி வந்தார். என்னிஸ் போர்க்கதை மன்னர், ஆகவே சீனாவில் ஜப்பானியப் படை நடத்திய கொலைகளில் தொடங்கி, யுரேனியத்துக்காக நடக்கும் போட்டியாகக் கதையைக் கொண்டுபோகிறார். தரமான எழுத்து, மறுக்கவில்லை. ஆனால் ஆறு இதழ், இதழுக்கு 3.99 டாலர், ஒரு கதை முடிய கிட்டத்தட்ட 24 டாலரும் ஆறு மாதமும். 1930களில் 10 சென்ட்டுக்கு ஒரு ராத்திரியில் முடிந்த விஷயம் இது. பணவீக்கத்தைக் கழித்தாலும் கணக்கு இடிக்கிறது. மாதம் ஒரு துணுக்கு படிக்கிறவனுக்கு மூன்றாம் இதழ் வரும்போது முதல் இதழில் யார் யாரைச் சுட்டார்கள் என்பதே மறந்துவிடும். தொகுப்பாகப் படித்தால் இந்தக் குறை பாதி தீரும், ஆனால் தொகுப்பு வரும்வரை தொடர் தாக்குப்பிடிக்க வேண்டுமே.

டாக் சாவேஜின் நோய் வேறு. இவர் ஒளிவதே இல்லை. 1933 மார்ச்சில் தொடங்கி 181 இதழ்கள், பெரும்பாலானவை லெஸ்டர் டெண்ட் எழுதியது. வெண்கல நிற உடம்பு, மருத்துவர், விஞ்ஞானி, எல்லா மொழியும் தெரியும், தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி, வானளாவிய கட்டடத்தின் 86ஆவது மாடியில் அலுவலகம். குறையே இல்லாத ஆள். பல்ப் நாவலில் இவரைச் சுற்றி ஐந்து கூட்டாளிகள் சதா சண்டை போட்டுக்கொண்டே இருப்பதால் கதை சலிக்காது. அப்புறம், இன்றைய எழுத்தாளரைத் தூங்கவிடாத ஒரு சமாச்சாரம்: டாக் பிடிக்கிற குற்றவாளிகளை ரகசிய இடத்துக்குக் கொண்டுபோய் மூளையில் அறுவை சிகிச்சை செய்து, பழசை மறக்கவைத்து நல்லவர்களாக்கி அனுப்புவார்! அந்தக் காலத்தில் இதைக் கருணை என்று எழுதினார்கள். இன்று அதை அப்படியே வரைந்தால் அவர்தான் வில்லன். வரையாமல் விட்டால் அவர் டாக் சாவேஜ் இல்லை.

2010இல் டிசி ஃபர்ஸ்ட் வேவ் என்று டாக் சாவேஜ், ஸ்பிரிட் என்ற முகமூடித் துப்பறிவாளர், துப்பாக்கி ஏந்திய இளம் பேட்மேன் மூவரையும் ஒரே உலகத்தில் போட்டுப் பெரிதாக ஆரம்பித்தது, அடுத்த வருடமே மூட்டை கட்டியது. எல்லாருக்கும் அறிமுகம் கொடுத்தே பக்கம் தீர்ந்துவிட்டது, அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 2013இல் டைனமைட்டுக்காக கிறிஸ் ராபர்சன் எழுதி பில்கிஸ் எவ்லி வரைந்த எட்டு இதழ்கள் கவனிக்க வேண்டியவை. 1930களில் தொடங்கி நிகழ்காலம் வரை, காலத்தைத் தாவித் தாவிப் போகிறது கதை. டாக் அப்படியே இருக்க, சுற்றியிருக்கும் உலகம் மாறிக்கொண்டே போகிறது. ஆளை மாற்றாமல் காலத்தை ஓடவிட்ட யோசனை அருமை. விசிறிகளைத் தவிர யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்கு வருத்தம்.

"அப்படியானால் கோனன் மட்டும் எப்படி ஓடுகிறான்?" என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். வாளேந்திய காட்டுவீரன் கோனனும் சாணித்தாள் பிள்ளைதான். 1932 டிசம்பர் வியர்ட் டேல்ஸ் இதழில் பிறந்தவன், எழுதிய ராபர்ட் ஈ. ஹோவர்ட் 1936இல் 30 வயதிலேயே இறந்துபோனார். மார்வெல் 1970இல் தொடங்கிய கோனன் 1993 வரை 275 இதழ்கள் ஓடியது, பிறகு டார்க் ஹார்ஸ், மறுபடி மார்வெல், 2023 முதல் டைட்டன் என்று கைமாறிக் கைமாறி இன்னும் உயிரோடு இருக்கிறான். அவனுடைய காலம் கற்பனைக் காலம், அதனால் பழசாகவே முடியாது. இந்தக் கதையில் திருடன், அடுத்த கதையில் கடற்கொள்ளைக்காரன், இன்னொன்றில் அரசன், முந்தைய இதழ் படித்திருக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும்விட, ஹோவர்ட் கதைகள் கண்ணால் பார்ப்பதற்காகவே எழுதியவை போல இருக்கும்.

யானை கோபுரம் கதையையே எடுத்துக்கொள்வோம். ரத்தினம் பதித்த கோபுரத்தில் திருடுவதற்காக இளம் கோனன் ஏறுகிறான். உள்ளே அவன் பார்ப்பது புதையலை இல்லை. பச்சை உடம்பும் யானைத் தலையுமாக ஒரு உருவம் உட்கார்ந்திருக்கிறது. சிலை என்று நினைக்கிறான். அது அசைகிறது. கண் தெரியாமல் துதிக்கையால் காற்றைத் துழாவுகிறது, கண்ணீர் விடுகிறது, கை கால்கள் சித்திரவதையில் முறிந்து கிடக்கின்றன. வேற்று உலகத்திலிருந்து வந்து ஒரு மந்திரவாதியிடம் சிக்கிய உயிர் அது. என் இதயத்தை அறுத்தெடுத்து அதன் ரத்தத்தை இந்த ரத்தினத்தில் பிழி என்று அது கேட்கிறது, கோனன் செய்கிறான். பிள்ளையாரைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கட்டம் கொஞ்சம் வேறு மாதிரி உறைக்கும். மார்வெல் இதை 1971இல் நான்காவது இதழில், ஒரே இதழில் சொல்லி முடித்தது, ராய் தாமஸ் எழுத்து, பாரி ஸ்மித் ஓவியம். டார்க் ஹார்ஸ் பிற்பாடு மூன்று இதழ் எடுத்துக்கொண்டது, கர்ட் பியூஸிக் எழுத்தும் கேரி நோர்ட் ஓவியமும் உயர்ந்த ரகம், அழகில் குறைவே இல்லை. ஆனாலும் என் நெஞ்சில் நிற்பது பழையதுதான். இடம் இல்லாத நெருக்கடியில் எது முக்கியமோ அது மட்டும் மிஞ்சியது.

இவர்களைத் திரும்பக் கொண்டுவருகிறவர்கள் இனவெறியையும் தாண்டித்தான் வந்தாக வேண்டும். பழைய கதைகளில் சீனர்கள் என்றால் வில்லன், கருப்பர்கள் என்றால் கேலி. பல்ப் ஸ்பைடருக்கு ராம் சிங் என்று ஒரு வேலைக்காரர் உண்டு, கத்தி வீசுவதில் சூரர், வரிக்கு வரி "சாஹிப்" என்பார். ஆரம்ப நாவல்களில் அவர் இந்து, பிறகு எப்போதோ சீக்கியர் ஆகிவிட்டார், இடையில் என்ன நடந்தது என்று யாரும் விளக்கவில்லை. எழுதியவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான் போல. இதைத் துடைத்துவிட்டால் பொய், வைத்துக்கொண்டால் அசிங்கம். என்னிஸ் செய்தது போல உண்மை வரலாற்றைக் கொண்டுவந்து மோதவிடுவது ஒரு வழி, அதிலும் வேலை முழுசாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன்.

"சூப்பர்ஹீரோக்கள் எல்லாம் இவர்களைக் காப்பியடித்ததுதானே" என்றும் நீங்கள் கேட்கலாம். இதில் ஒன்று உறுதி: 1939 மே மாதம் வந்த முதல் பேட்மேன் கதை, 1936இல் வந்த ஒரு ஷாடோ நாவலின் கதைப்போக்கை அப்படியே எடுத்தது. எழுதிய பில் ஃபிங்கரே ஷாடோ கதையைப் பார்த்து எழுதியதை ஒப்புக்கொண்டார். டாக் சாவேஜின் முதல் பெயர் கிளார்க், தனிமைக் கோட்டை என்ற இடமும் சூப்பர்மேனுக்கு முன்பே அவருக்கு இருந்தது, ஆகவே அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது நல்ல ஊகம், வாக்குமூலம் இல்லை. ஸ்பைடர்மேன் பெயர் பல்ப் ஸ்பைடரிலிருந்து வந்ததாக ஸ்டான் லீ சொல்லியிருக்கிறார். சுவரில் ஊர்ந்த ஈயைப் பார்த்து யோசனை வந்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். எதை வேண்டுமானாலும் நம்பிக்கொள்ளுங்கள்.

பெயர் உரிமை இல்லாதவர்கள் செய்தவைதான் பல சமயம் நன்றாக இருக்கின்றன, இது தற்செயல் இல்லை. ஷாடோவும் டாக் சாவேஜும் பழைய பதிப்பகத்தை வாங்கிய காண்டே நாஸ்ட் என்ற பத்திரிகை நிறுவனத்தின் வசம் போனார்கள், யார் காமிக்ஸ் போட்டாலும் அனுமதியோடு, பொம்மையை உடைக்காமல் விளையாட வேண்டும். டேவ் ஸ்டீவன்ஸ் 1982இல் தொடங்கிய ராக்கெட்டியரில் டாக் சாவேஜ் பெயர் சொல்லாமலேயே வந்து போவார், தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆலன் மூரின் டாம் ஸ்ட்ராங், டாக் சாவேஜுக்குப் பெண்டாட்டி, பிள்ளை, வயது எல்லாம் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தது. எட் புரூபேக்கரும் ஷான் ஃபிலிப்ஸும் 2020இல் செய்த பல்ப் என்ற சிறு நூல் இன்னும் ஒரு படி போகிறது. அதில் நாயகன் முகமூடிக்காரன் இல்லை. 1939 நியூயார்க்கில் வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி கௌபாய் கதை எழுதுகிற கிழவன், ஒரு காலத்தில் தானே வழிப்பறிக்காரனாக இருந்தவன். தெருவில் நாஜி ஆதரவாளர்கள் திரிகிறார்கள், நெஞ்சுவலி, வாடகைக் கவலை. ஒரே உட்காரலில் முடியும். பல்ப் பத்திரிகைகள் கொடுத்த அந்த விறுவிறுப்பை சமீபத்தில் எனக்குக் கொடுத்தது இதுதான்.

சரி, மாஸ்க்ஸ். 2012இல் தொடங்கி எட்டு இதழ்கள். ஷாடோ, ஸ்பைடர், கிரீன் ஹார்னெட், ஜோரோ இன்னும் பலர். அடிப்படைக் கதை 1938 ஸ்பைடர் நாவல்கள் மூன்றிலிருந்து எடுத்தது: ஒரு கட்சி தேர்தலில் ஜெயித்து நியூயார்க் மாநிலத்தைப் பிடிக்கிறது, போலீஸே கொள்ளைக்கூட்டமாகிறது, சட்டத்தை மதிக்கிறவன் சட்டத்துக்கு வெளியே போக வேண்டிய நிலை. அந்த மூன்று நாவல்களும் காய்ச்சல் கண்டவன் எழுதியது போல இருக்கும், கீழே வைக்க முடியாது. காமிக்ஸில் முகமூடிகள் கூட்டம் அதிகம், ஆளுக்கு நாலு வசனம். இன்னொன்று, நீங்கள் அலெக்ஸ் ராஸ் ஓவியத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால், உள்பக்கங்களை அவர் வரைந்தது முதல் இதழுக்கு மட்டும்தான். எனவே இப்போதைக்கு கூடையிலிருந்து எடுத்துவிடுங்கள். முதலில் கோனன் நான்காம் இதழ், அடுத்து கலூட்டா வரைந்த ஷாடோ கதைகள், அதன் பிறகு ராபர்சனின் டாக் சாவேஜ். நடுவில் எப்போதாவது முதல் ஷாடோ நாவலின் மறுபதிப்பு கிடைத்தால் அந்தப் பாலத்துக் காட்சியை மட்டுமாவது படியுங்கள். இதெல்லாம் பிடித்திருந்தால் மாஸ்க்ஸுக்கு வரலாம், அதற்குள் தள்ளுபடியிலும் கிடைக்கக்கூடும்.